‘காலேஜ் வேஸ்ட், பீட்டர் தீலே சொல்லிட்டார்!’

கேள்வி: ஆடிட்டர் சார், வணக்கம். நான் திண்டுக்கல் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியை. மகன் கோவையில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான், நான்கு செமஸ்டர் முடிந்துவிட்டது. ஆறு மாதமாக பீட்டர் தீல் என்ற அமெரிக்க முதலீட்டாளரின் பேச்சுகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான், அவருடைய புத்தகம் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. காலேஜ் வேஸ்ட், போட்டி போடுகிறவன்தான் தோற்கிறவன், ஜனநாயகமும் சுதந்திரமும் ஒத்துப்போகாது என்று சாப்பிடும்போதுகூட இதே பேச்சு. மீதி இரண்டு வருடக் கட்டணம் 3 லட்சத்தைக் கையில் கொடுங்கள், நண்பனோடு ஏ.ஐ. கம்பெனி ஆரம்பிக்கிறேன் என்கிறான். அவன் அப்பா கத்துகிறார். யார் சார் இந்த மனிதர்? அவர் சொல்வதில் உண்மை இருக்கிறதா? பணத்தைக் கொடுக்கலாமா? கட்டணம் கட்ட இந்த மாதம் 25-ம் தேதி கடைசி.

பதில்:

வணக்கம் டீச்சர்.

கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் இந்த வருடத்தில் இதே பெயரைச் சொல்லிக்கொண்டு என்னிடம் வரும் மூன்றாவது பையன் உங்கள் மகன். முந்தைய இரண்டு பேரும் அப்பாவோடு நேரிலேயே வந்தார்கள், அப்பா ஒரு நாற்காலியில் முறைத்துக்கொண்டு, பையன் இன்னொரு நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டு. அதனால் இந்த ஆளைப் பற்றி நானும் உட்கார்ந்து படிக்க வேண்டியதாகிவிட்டது. ஆடிட்டர் புத்தியோடுதான் படித்தேன், அதாவது இடது பக்கம் அவர் என்ன பேசினார், வலது பக்கம் அந்த நேரத்தில் அவர் பணம் எங்கே இருந்தது. உங்கள் மகன் இடது பக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறான்.

ஆள் யார் என்று கேட்டீர்கள். 1967-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தவர், கைக்குழந்தையாக அமெரிக்கா போய், நடுவில் சில வருடம் தென்னாப்பிரிக்காவிலும் இன்றைய நமீபியாவிலும் இருந்து, பிறகு கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். அங்கே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார், அதே இடத்தில் சட்டமும் படித்தார். 1998-ல் மேக்ஸ் லெவ்சின் போன்றவர்களோடு ஆரம்பித்த கம்பெனி ஈலான் மஸ்கின் எக்ஸ்.காமோடு இணைந்து, இணையத்தில் பணம் அனுப்ப உதவும் பேபால் ஆனது, 2002-ல் ஈபே என்ற இணைய வணிக நிறுவனம் அதை 150 கோடி டாலருக்கு வாங்கியது, தீலின் பங்கு ஏறக்குறைய 5.5 கோடி டாலர். 2004-ல் மார்க் ஜக்கர்பெர்க் என்ற இருபது வயதுப் பையனிடம் 5 லட்சம் டாலர் கொடுத்து ஃபேஸ்புக்கில் சுமார் 10 சதவீதம் வாங்கினார், அது பின்னால் 100 கோடி டாலருக்கு மேல் கொண்டுவந்தது. அரசாங்கங்களுக்கும் ராணுவங்களுக்கும் தரவு அலசும் மென்பொருள் விற்கும் பாலன்டிரை நிறுவியவர்களில் ஒருவர். மூன்று ராக்கெட்டும் தோற்றுப்போய் ஸ்பேஸ்எக்ஸ் தள்ளாடிய 2008-ல் அவருடைய முதலீட்டு நிறுவனமான ஃபவுண்டர்ஸ் ஃபண்ட் 2 கோடி டாலர் போட்டது. இதெல்லாம் சாதாரண காரியம் இல்லை, அவன் அப்பாவிடம் ‘யாரோ ஒரு வெள்ளைக்காரன்’ என்று பேச வேண்டாம் என்று சொல்லுங்கள், பையன் அந்த இடத்திலேயே காதை மூடிக்கொள்வான்.

இப்போது கணக்குக்கு வருவோம். 5.5 கோடி டாலர் கையில் வந்த ஆள் ஃபேஸ்புக்கில் போட்டது 5 லட்சம். நூறு ரூபாய் இருந்தால் அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. அது மொத்தமாகப் போயிருந்தாலும் மறுநாள் காலை காபி அதே காபிதான். உங்கள் மகன் போடப்போவது 3 லட்சம் ரூபாயும் இரண்டு வருடப் படிப்பும், அவனிடம் இருக்கும் முதல் முழுவதும் அவ்வளவுதான். இரண்டையும் ‘ரிஸ்க் எடுப்பது’ என்று ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள், எனக்கு அது ஒரே விஷயமாகத் தெரியவில்லை.

காலேஜ் விஷயத்தில் தீல் வெறும் வாயால் மட்டும் பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2011-லிருந்து தீல் ஃபெலோஷிப் என்று ஒன்று நடத்துகிறார். படிப்பை நிறுத்திவிட்டு வரும் இளைஞர்களுக்கு இரண்டு வருடத்துக்கு 1 லட்சம் டாலர், இப்போது அதை 2 லட்சமாக்கிவிட்டார்கள். திருப்பித் தர வேண்டாம், கம்பெனியில் பங்கும் கேட்பதில்லை. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் விட்டாலிக் பியூட்டரின், ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளின் டிலன் ஃபீல்ட் இதில் வந்தவர்கள், நம் ஊர் ஓயோவின் ரித்தேஷ் அகர்வாலும் 2013-ல் இதில் தேர்வானவர்தான். ஆனால் முதல் வருடம் எடுத்தது 24 பேர், அதற்குப் பிறகும் வருடத்துக்கு இருபது முப்பது பேர்தான், விண்ணப்பிப்பவர்களோ ஆயிரக்கணக்கில். அதாவது நுழைவுத் தேர்வே வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஐ.ஐ.டி.யைவிடக் கடினமான ஒரு நுழைவுத் தேர்வை வைத்திருக்கிறார்! அதில் தேறுகிறவன் ஏற்கெனவே எதையோ செய்து காட்டியவன், அவன் எங்கே போனாலும் கரையேறுவான். ஹார்வர்டின் முன்னாள் தலைவர் லாரி சம்மர்ஸ் 2013-ல் இந்தத் திட்டத்தை அந்தப் பத்தாண்டின் மிகத் தவறான தர்மகாரியம் என்றே திட்டினார், அது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது, இருபது முப்பது பேரால் எந்தப் பல்கலைக்கழகமும் இடிந்துவிடவில்லை. சிக்கல் அந்த இருபது முப்பது பேரிடம் இல்லை. பணமும் கிடைக்காமல், வழிகாட்டியும் கிடைக்காமல், வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு படிப்பை விடுகிறவர்களிடம் இருக்கிறது.

இன்னொன்று. மேக்ஸ் லெவ்சினை அவர் சந்தித்தது எங்கே? ஸ்டான்ஃபோர்டில், ஒரு விருந்தினர் உரை முடிந்த பிறகு. லிங்க்ட்இன்னை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ரீட் ஹாஃப்மன் ஸ்டான்ஃபோர்டில் கூடப் படித்தவர், பாலன்டிரை இன்றும் நடத்தும் அலெக்ஸ் கார்ப் அங்கே சட்டக் கல்லூரித் தோழர். உங்கள் மகனின் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் ‘ஜீரோ டு ஒன்’ 2012-ல் தீல் ஸ்டான்ஃபோர்டில் எடுத்த வகுப்புகளிலிருந்து வந்தது, பிளேக் மாஸ்டர்ஸ் என்ற மாணவர் எழுதிவைத்த வகுப்புக் குறிப்புகள்தான் புத்தகமானது. அந்த மாணவர் அன்று வகுப்புக்கு மட்டம் போட்டிருந்தால் உங்கள் மகனுக்குப் படிக்க இந்தப் புத்தகமே இருந்திருக்காது.

சரி, அவர் சொல்வதில் உண்மையே இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது, அதனால்தான் பையன்கள் மயங்குகிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் ரெனே ஜிரார் என்று ஒரு பேராசிரியர் இருந்தார், மனிதன் தனக்கு எது வேண்டும் என்று தானாக முடிவு செய்வதில்லை, அடுத்தவன் ஆசைப்படுவதைப் பார்த்துத்தான் ஆசைப்படுகிறான், அதனாலேயே ஒரே பொருளுக்கு அடித்துக்கொள்கிறான் என்பது அவர் சொன்னது. தீலின் பாதிச் சிந்தனை அங்கிருந்து வந்தது. அவரே சட்டம் முடித்துவிட்டு அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியிடம் உதவியாளராகச் சேர அலைந்தார், கிடைக்கவில்லை, உலகமே முடிந்த மாதிரி இருந்தது, கிடைத்திருந்தால் வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்குப் பத்திரம் எழுதிக்கொண்டு இருந்திருப்பேன் என்று பின்னால் சொல்வார். இதை நம் வீடுகளில் வைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பதால் நம் பையனும் கம்ப்யூட்டர் சயின்ஸ், என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டோமா? நீங்கள் கேட்டிருக்கலாம், டீச்சர் என்பதால் சந்தேகத்தின் பலனை உங்களுக்கே கொடுக்கிறேன்.

‘போட்டி தோற்பவர்களுக்கானது’ என்பது 2014-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் வந்த அவருடைய கட்டுரையின் தலைப்பு. அவர் சொல்வது வியாபாரத்தைப் பற்றி, ஒரே தெருவில் பத்துப் பேர் ஒரே சாமானை விற்றால் யாருக்கும் லாபம் நிற்காது, வேறு யாரிடமும் இல்லாத ஒன்றை விற்பவனுக்குத்தான் நிற்கும் என்கிறார். இருபத்தைந்து வருடமாக பேலன்ஸ் ஷீட் பார்க்கிறேன், இதை நான் மறுக்க மாட்டேன். ஏகபோகம் நல்லது என்று முதலாளி சொன்னால் வாங்குகிறவர் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும், அது தனிக் கதை.

ஆனால் டீச்சர், இதை வைத்தே உங்கள் மகனை மடக்கலாம். இன்றைய தேதியில் இரண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன்கள் சேர்ந்து ஏ.ஐ. கம்பெனி ஆரம்பிப்பதைவிடக் கூட்டத்தோடு கூட்டமான காரியம் வேறு உண்டா? தீல் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு, முக்கியமான எந்த உண்மையில் உன்னோடு மிகச் சிலரே ஒத்துப்போகிறார்கள் என்று. உங்கள் மகனிடம் அதையே கேளுங்கள். பதிலாக தீல் சொன்ன வரியையே அவன் திருப்பிச் சொன்னால், தீல் அவனை வேலைக்கு எடுக்க மாட்டார்.

தொழில்நுட்பம் பற்றிய அவருடைய முக்கியமான புகார், 1970-களுக்குப் பிறகு உலகம் தேங்கிவிட்டது என்பது. கம்ப்யூட்டரும் போனும் ஓடின, மற்றதெல்லாம் நின்றுவிட்டன. பறக்கும் கார் கேட்டோம், 140 எழுத்து கிடைத்தது என்று ஃபவுண்டர்ஸ் ஃபண்ட் ட்விட்டரை வைத்துக் கிண்டல் செய்தது, அன்று அதில் ஒரு பதிவுக்கு அவ்வளவுதான் இடம். நிலவில் மனிதன் கடைசியாக நடந்தது 1972 டிசம்பரில், ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் விமானம் 2003-ல் நின்றுபோனது, இதையெல்லாம் பார்த்தால் அவர் சொல்வது சரியாகத்தான் தெரிகிறது. சோலார் தகட்டின் விலை வீழ்ச்சியையும், 2020-ல் ஒரு வருடத்துக்குள் கொரோனா தடுப்பூசி வந்ததையும் பார்த்தால் அவ்வளவு சரியாகத் தெரியவில்லை. பாதிக்குப் பாதி என்று நான் மார்க் போடுவேன்.

அவர் கணிப்பு எப்போதும் பலித்ததா? பெரிய முதலீட்டாளர்களின் பணத்தை வாங்கிச் சந்தையில் போடும் கிளாரியம் என்ற அவருடைய ஹெட்ஜ் ஃபண்ட் 2008 நடுவில் 700 கோடி டாலருக்கு மேல் வைத்திருந்தது. அமெரிக்க வீட்டுக் கடன் வீங்கிப்போய் இருக்கிறது, வெடிக்கும் என்று முன்கூட்டியே சொன்னவர்களில் அவர் ஒருவர், வெடிக்கவும் செய்தது. ஆனாலும் எப்போது இறங்குவது, எப்போது ஏறுவது என்பதில் தவறிவிட்டார், போட்டவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், சில வருடத்தில் சில பத்துக் கோடி டாலர்தான் மிச்சம். ஊர் சொன்னது தவறு, இவர் சொன்னது சரி, பணம் போனது இவரை நம்பியவர்களுக்கு. இந்தக் கதையை எந்தப் பையனும் என்னிடம் சொன்னதில்லை.

பிட்காயின் கதையையும் கேளுங்கள். 2022 ஏப்ரலில் மியாமியில் ஒரு மாநாடு, மேடையிலிருந்து நூறு டாலர் நோட்டுகளைக் கூட்டத்தை நோக்கி வீசுகிறார், பெரிய முதலீட்டாளரான வாரன் பஃபெட்டை, அவர் ஊரையும் சேர்த்து, ஒமாஹாவின் மனசாட்சியற்ற தாத்தா என்கிறார், பிட்காயின் இன்னும் நூறு மடங்கு போகும் என்று பேசுகிறார். அவருடைய ஃபவுண்டர்ஸ் ஃபண்ட் கையிலிருந்த கிரிப்டோவில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அதற்கு முந்தைய மாதமே விற்று, சுமார் 180 கோடி டாலர் பார்த்துவிட்டது என்று அடுத்த வருடம் பைனான்சியல் டைம்ஸ் எழுதியது. அந்த நோட்டைப் பொறுக்கியவர்கள் எல்லாம் விற்றிருப்பார்களா, வாங்கியிருப்பார்களா? இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. பேச்சு எங்கே போகிறது, பணம் எங்கே போகிறது என்பதை மட்டும் உங்கள் மகன் பார்த்தால் போதும்.

இனி சாப்பாட்டு நேர அரசியல். சுதந்திரமும் ஜனநாயகமும் ஒத்துப்போகும் என்று இனி நான் நம்பவில்லை என்ற வரி 2009-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் இருக்கிறது, உங்கள் மகன் சரியாகத்தான் சொல்கிறான். அதே கட்டுரையில் இன்னொரு வரியும் இருக்கிறது. 1920-க்குப் பிறகு அரசு உதவி பெறுவோர் பெருகியதும் பெண்களுக்கு ஓட்டுரிமை விரிந்ததும் சேர்ந்துதான் முதலாளித்துவ ஜனநாயகம் என்பதையே முரண்பாடாக்கிவிட்டது என்கிறார். எதிர்ப்பு வந்ததும், யாருடைய ஓட்டையும் பறிக்கச் சொல்லவில்லை என்று விளக்கம் கொடுத்தார், அதையும் சேர்த்தே சொல்கிறேன். அடுத்த தடவை அவன் சோற்றில் கைவைத்துக்கொண்டு ஜனநாயகத்தைப் பற்றிப் பேசும்போது சண்டை போடாமல், ‘அந்தக் கட்டுரையில் என் ஓட்டைப் பற்றி ஒரு வரி வருதாமே, அதுல நீ எந்தப் பக்கம்ப்பா?’ என்று கேளுங்கள். தேர்தல் பூத்தில் வேலை பார்த்த டீச்சர் கேட்டால் அவன் கொஞ்சம் யோசிப்பான்.

இந்தப் பக்கத்துக்கும் எதிர்ப்பக்கம் உண்டு. தேர்தலில் நம்பிக்கை இழந்தவர் 2016-ல் டிரம்புக்காக 12.5 லட்சம் டாலர் கொடுத்தார், 2022-ல் ஜே.டி. வான்ஸை ஒஹாயோவில் செனட்டராக்க 1.5 கோடி டாலர் செலவழித்தார். முன்பு தீலின் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த அந்த வான்ஸ் இன்று துணை ஜனாதிபதி. அரசாங்கம் சுருங்க வேண்டும் என்பவருடைய பாலன்டிருக்கு வருமானத்தில் பாதிக்கு மேல் அரசாங்கங்களிடமிருந்துதான் வருகிறது. நாட்டுச் சட்டமே இல்லாமல் கடலில் மிதக்கும் ஊர்கள் கட்டலாம் என்ற சீஸ்டெடிங் முயற்சிக்கு 2008-ல் 5 லட்சம் டாலர் கொடுத்தார், தனக்கென்று தேடிக்கொண்டது நியூசிலாந்துக் குடியுரிமை, அதுவும் அங்கே மொத்தம் 12 நாள் தங்கியிருந்த நிலையில் 2011-ல் கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய ஓய்வூதியக் கணக்கு, தொழில் பழக்கம், மன்னிக்கவும். ராத் ஐ.ஆர்.ஏ. என்று அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பங்களுக்காகக் கொண்டுவந்த சேமிப்புக் கணக்கு ஒன்று உண்டு, நம் பி.பி.எஃப். மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே வளரும் பணத்துக்கு வரி கிடையாது. 1999-ல் அதில் 1,700 டாலர் போட்டு, தன் கம்பெனியின் 17 லட்சம் பங்குகளை ஒன்று 0.001 டாலர் என்று வாங்கி வைத்தார். 2019 முடிவில் அந்தக் கணக்கில் 500 கோடி டாலர் இருந்தது என்று 2021-ல் புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் வெளியிட்டது. சட்டத்தை வரிவரியாகப் படித்த ஆளுக்குத்தான் இது தோன்றும். சட்டம் படித்தது எங்கே என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

மனிதகுல எதிர்காலம் பற்றியெல்லாம் நான் பேச ஆள் இல்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாவை ஒரு நோய் மாதிரி வெல்லலாம் என்பவர், இறந்தபின் உடலை உறைய வைக்கவும் பதிந்திருக்கிறார். 2025 ஜூனில் நியூயார்க் டைம்ஸில் பத்தி எழுதும் ராஸ் டவுதட், மனித இனம் தொடர்ந்து இருக்க வேண்டும் என்றுதானே விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது உடனே ஆமாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். ஏ.ஐ., அணுகுண்டு, பருவநிலை என்று ஆபத்தைச் சொல்லிப் பயமுறுத்தி உலகம் முழுவதையும் ஒரே ஆட்சிக்குள் கொண்டுவருகிறவன்தான் அந்திக்கிறிஸ்து, அதாவது பைபிள் சொல்லும் கிறிஸ்துவின் எதிரி, என்று சான்பிரான்சிஸ்கோவில் தொடர் சொற்பொழிவே நடத்தினார். அப்படி ஒருவன் வந்தால் பாலன்டிர் மாதிரிக் கருவிகள்தானே அவனுக்குக் கைகொடுக்கும் என்று அதே டவுதட் கேட்டார், எனக்கும் அந்தச் சந்தேகம்தான். இதை உங்கள் மகனோடு வாதம் செய்யாதீர்கள், இருபது வயதில் இதெல்லாம் யோசிக்கட்டும், நல்லதுதான்.

இனி பணம். கட்டணப் பணத்தைக் கையில் கொடுக்க வேண்டாம். அதே சமயம் கம்பெனி வேண்டாம் என்றும் சொல்ல வேண்டாம், சொன்னால் மூன்றாம் வருடம் முழுக்க ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு உங்களைக் குறை சொல்வான். உங்களால் போனால் போகட்டும் என்று விட முடிகிற ஒரு தொகை, 30,000 என்று வையுங்கள், அதைக் கொடுங்கள். கடனாக இல்லை, முதலீடாக. மாதாமாதம் எதற்குச் செலவானது என்று ஒரு நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும், அம்மாவாக இல்லாமல் முதலீட்டாளராக உட்கார்ந்து பாருங்கள். ஆறு மாதத்தில், சொந்தக்காரர் அல்லாத ஒரே ஒரு ஆள் அவன் செய்ததற்குக் காசு கொடுத்திருக்க வேண்டும், ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் சரி. அப்படிக் கொடுத்தால், பிரேக் ஆஃப் ஸ்டடி என்று இடையில் ஒரு வருடம் விட்டுப் பிறகு தொடர வழி இருக்கிறதா, என்ன நிபந்தனை என்று கல்லூரியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், நாமே பேசலாம்.

அந்த நண்பன் யார், அவனும் படிப்பை விடுகிறானா என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. என்னிடம் வந்த இரண்டு தோழர்கள் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து பாதிப் பாதி என்று வாயால் பேசி ஆரம்பித்தார்கள், பதினெட்டு மாதத்தில் ஒருவன் வேலைக்குப் போய்விட்டான், பெயர் மட்டும் பாதிப் பங்கோடு பதிவில் நின்றது, பணம் போட வந்தவர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஆரம்பத்திலேயே இரண்டு பக்கத்துக்கு ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருந்தால் முடிந்திருக்கும், அன்று நானும் அவர்களிடம் வற்புறுத்திச் சொல்லவில்லை, அது இன்னும் உறுத்துகிறது. உங்கள் மகனையும் அந்த நண்பனையும் ஒரு சனிக்கிழமை என் ஆபீஸுக்கு அனுப்புங்கள், காசு வேண்டாம். இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து, கம்பெனி என்ன விற்கப்போகிறது, யாருக்கு, என்ன விலைக்கு என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். இரண்டு தாளும் ஒரே கம்பெனியைப் பற்றித்தானா என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

25-ம் தேதி என்று எழுதியிருந்தீர்கள், அன்று வங்கி விடுமுறையா என்று பாருங்கள், நெட்டிலேயே 23-க்குள் கட்டிவிடுங்கள். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், பழைய வரி முறையில் இருந்தால் டியூஷன் கட்டணத்துக்கு வருமான வரிக் கழிவு உண்டு.